விடுதி திறக்கும் முன்பே

1997 அக்டோபரில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக்குப் புது மாணவர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஓர் ஆய்வுக் குழு நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, தொண்டையின் பின்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தது. மொத்தம் ஏறக்குறைய 2,500 பேர். தேடிய கிருமி நைசீரியா மெனிஞ்சைட்டிடிஸ். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறையைத் தாக்கி, ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடக்கூடிய பாக்டீரியா அது. முதல் நாள் பார்த்தவர்களில் 6.9 விழுக்காட்டினரின் தொண்டையில் அது இருந்தது. இரண்டாம் நாள் பார்த்தவர்களில் 11.2. மூன்றாம் நாள் 19. நான்காம் நாள் 23.1.

இவர்கள் நோயாளிகள் அல்லர். கிருமியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசித் திரிந்தவர்கள். பத்துப் பேரில் ஒருவர் எப்போதும் இப்படித்தான் இருக்கிறார். அபூர்வமாக யாரோ ஒருவரின் இரத்தத்துக்குள் கிருமி இறங்கும்போதுதான் விபரீதம். ஆனால் நான்கே நாளில் மும்மடங்குக்கும் மேல் பெருகிய அந்த வேகத்தைக் கவனியுங்கள். அடிக்கடி மதுக்கூடத்துக்குப் போனவர்கள், முத்தமிட்டவர்கள், புகைபிடித்தவர்கள் தொண்டையில் அது கூடுதலாகக் குடியேறியிருந்தது. புது நண்பர்களைத் தேடிக்கொள்ளும் முதல் வாரத்தில் பதினெட்டு வயதுக்காரர்கள் என்னென்ன செய்வார்களோ, அதையெல்லாம் கிருமி பின்தொடர்ந்திருக்கிறது.

இந்த நான்கு எண்களையும் ஒவ்வொரு துணைவேந்தரின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைக்க வேண்டும் என்பேன். தொற்றுநோயை எதிர்கொள்ளும் திட்டம் என்றாலே, முதல் நோயாளி வந்த பிறகு என்ன செய்வது என்றுதான் நம் நிர்வாகங்கள் எழுதத் தொடங்குகின்றன. முதல் நோயாளி படுக்கும்போது கிருமி விடுதியின் பல தளங்களை ஏறி இறங்கியிருக்கும். அதற்குப் பின் செய்வதெல்லாம் அவசியமானவைதாம்; ஆனால் ஆட்டத்தின் பெரும்பகுதி விடுதிக் கதவு திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஊருக்குள்ளும் கூட்டம் உண்டு, பேருந்து நெரிசல் உண்டு. ஆனாலும் ஊரில் ஒருவர் பழகும் முகங்கள் பெரிதாக மாறுவதில்லை. வளாகத்திலோ ஆண்டுக்கொரு முறை, ஒரே வாரத்தில், ஆயிரக்கணக்கான அந்நியர்கள் ஒரே குளியலறையையும் ஒரே சாப்பாட்டு மேசையையும் பகிரத் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவரும் தம் ஊர்க் கிருமிகளைக் கொண்டுவருகிறார்கள். சிறு வயதில் போட்ட சில தடுப்பூசிகளின் வலுவும் அந்த வயதில் குறையத் தொடங்கியிருக்கும்.

நாட்டிங்காமின் எண்கள் சொன்னதை 2013இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அனுபவித்தே தெரிந்துகொண்டது. அந்த மார்ச்சில் வசந்த விடுமுறை முடிந்து திரும்பிய மாணவர் ஒருவருக்கு மூளையுறை அழற்சி. அடுத்த மாதங்களில் இன்னும் சிலருக்கு. வளாகத்தைப் பார்க்க வந்துபோன ஒருவருக்கும். நவம்பர் முடிவதற்குள் எட்டுப் பேர். நோய் வந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு உடனுக்குடன் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஆனாலும் அடுத்தவர் எங்கிருந்தோ வந்தார், முந்தையவரோடு தொடர்பே இல்லாதவராக. நோய் நோயாளிகளிடமிருந்து நோயாளிகளுக்குத் தாவவில்லை. கண்ணுக்குத் தெரியாத சுமப்பவர்களின் பெரிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. பிரின்ஸ்டன் இருக்கும் நியூ ஜெர்சியில், விடுதியில் தங்கும் மாணவர்கள் மூளையுறை அழற்சித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். போட்டும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தடுப்பூசி ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளைத் தடுக்கும். வந்ததோ பி வகை.

பி வகைக்கு ஏன் நெடுங்காலமாகப் பொதுவான தடுப்பூசி இல்லாமல் இருந்தது? மற்ற நான்கு வகைகளிலும் பாக்டீரியாவைப் போர்த்தியுள்ள சர்க்கரை உறையைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசி ஆக்கிவிடலாம். உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும். பி வகையின் உறைச் சர்க்கரையோ நம் நரம்புச் செல்களின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலியை ஒத்தது. நம் உடலின் காவலுக்கு அது வீட்டு ஆள் மாதிரிதான் தெரியும். வற்புறுத்தி எதிர்ப்பொருளை வரவழைத்தாலும், அது நம் நரம்புகள் மீதே பாய்ந்துவிடுமோ என்ற அச்சம் வேறு.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் இத்தாலியின் சியேனாவில் பணியாற்றிய ரினோ ரப்புவோலி. கிருமியை வளர்த்து அதன் பாகங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பழைய வழியை விட்டுவிட்டு, மரபணு ஆய்வாளர் கிரெய்க் வென்டரின் ஆய்வகத்தோடு சேர்ந்து அதன் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தார். 2000இல் அது வெளியானது. கிருமியின் மேற்பரப்பில் தலைகாட்டக்கூடிய புரதங்கள் எவையெவை என்று கணினியில் தேடியதில் ஏறத்தாழ 600 கிடைத்தன. அவற்றில் சுமார் 350ஐ ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் தேறியவற்றைக் கொண்டு உருவானதுதான் பெக்ஸெரோ என்ற தடுப்பூசி. 2013 ஜனவரியில் ஐரோப்பா அனுமதித்தது. அமெரிக்காவில் அப்போது உரிமம் இல்லை.

அந்த ஆண்டு இறுதியில் அமெரிக்க அரசு விதிவிலக்கு அளித்து, சோதனை மருந்து என்ற வகையில் அதை வரவழைத்தது. டிசம்பர் 9 முதல் 12 வரை, நான்கு நாளில், 5,200க்கும் மேற்பட்டோருக்கு முதல் தவணை போடப்பட்டது. தகுதியுடையவர்களில் பத்துக்கு ஒன்பது பேர். இந்த வேகத்தைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். யார் விடுதியில் இருக்கிறார்கள், யாருக்கு மண்ணீரல் இல்லை, யாருக்கு நோய் எதிர்ப்பில் குறை என்பதெல்லாம் தெரிந்திருந்தால் ஒழிய இது நடக்காது. இளங்கலை மாணவர்கள் அனைவரும், விடுதியில் வசித்த முதுநிலை மாணவர்களும், மண்ணீரல் இல்லாதவர்களைப் போன்ற உடல்நிலை உடையவர்களும் என்று தகுதி வரையறுக்கப்பட்டது. கூடவே மாணவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளையும் கொடுத்தார்கள். இது என்னுடையது, உன்னுடையதில்லை என்ற பொருளில் அதன் மேல் வாசகம். விருந்தில் ஒரே குவளை கைமாறிக்கொண்டே போகும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். குடிக்காதே என்று சொல்வதைவிட இது புத்திசாலித்தனம்.

இரண்டாம் தவணை பிப்ரவரி 2014இல். அடுத்த மார்ச்சில், பிலடெல்பியாவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி இதே நோயில் இறந்தார். கிருமியின் மரபணுத் தடயம் பிரின்ஸ்டன் கிருமியோடு ஒத்துப்போயிற்று. அவர் அதற்குச் சில நாள் முன்பு பிரின்ஸ்டன் மாணவர்களோடு இருந்திருக்கிறார். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களை அது நோயிலிருந்து காத்தது. அவர்கள் தொண்டையிலிருந்து கிருமியை அது விரட்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சுமார் 35,000 பள்ளி மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2020இல் இதை உறுதிசெய்தது: பி வகைத் தடுப்பூசி, தொண்டையில் கிருமி தங்குவதைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பிரிட்டனில் 1999இல் தொடங்கிய சி வகைத் தடுப்பூசியோ அதையும் சேர்த்துக் குறைத்து, போடாதவர்களையும் காத்தது. ஆகவே ஒரு தடுப்பூசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளாமல் வளாகம் நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடாது. பிரின்ஸ்டனில் இரண்டு தவணையும் போட்டவர்களைப் பின்னர் சோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் தென்படவில்லை. இருந்தும் போட்டவர்களில் யாருக்கும் அந்த நோய் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி எண்ணிக்கையை நம்பி ஏமாந்த கதை ஒன்று. 2020 கோடையில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் கோவிட்டுக்குச் செய்த ஏற்பாட்டைப் பார்த்து மற்ற பல்கலைக்கழகங்கள் வாய்பிளந்தன. மூக்கில் குச்சி விடுவதற்குப் பதிலாக எச்சில். அதை 95 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கினாலே போதும், மரபணுப் பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் வேலை மிச்சம் என்று அங்கேயே கண்டுபிடித்தார்கள். நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சோதனை; ஒவ்வொருவருக்கும் வாரம் இருமுறை; கட்டடத்துக்குள் நுழையக் கைபேசிச் செயலியில் அனுமதி. இயற்பியலாளர்கள் நைஜல் கோல்டன்ஃபெல்டும் செர்ஜி மாஸ்லோவும் கணித மாதிரி அமைத்தார்கள். மாணவர்கள் விருந்துக்குப் போவார்கள் என்பதைக்கூட அதில் சேர்த்திருந்தார்கள். பருவம் முடிய எழுநூறு பேர் அளவில் தொற்று வரலாம் என்று கணக்கு. செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே அது தாண்டிப் போயிற்று.

மாதிரியில் விட்டுப்போன ஒன்றே ஒன்று: தொற்று உறுதியான பிறகும் சிலர் விருந்துக்குப் போனார்கள், விருந்து வைக்கவும் செய்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டு வாரம் கட்டுப்பாடுகளை இறுக்கிய பிறகே எண்ணிக்கை இறங்கியது. சோதனை தோற்றதாக நான் கருதவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் இந்த விருந்துகளே தெரிந்திருக்காது. ஆனால் மாணவர்கள் அறிவுரைக்குக் கட்டுப்படுவார்கள் என்பதை ஆதாரமாக வைத்து எழுதிய எந்தத் திட்டமும் இப்படித்தான் ஆகும். 2021 நவம்பரில் கர்நாடகத்தின் தார்வாடில் ஒரு மருத்துவக் கல்லூரியில், கல்லூரி விழாவைத் தொடர்ந்து சுமார் முந்நூறு பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் இரு தவணை தடுப்பூசி போட்டவர்கள். கிருமி எப்படிப் பரவும் என்பதைப் பாடமாகப் படிக்கும் இடம் அது.

நல்ல பிள்ளைகளாக நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்காத உபாயங்களும் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது அரிசோனா பல்கலைக்கழகத்துடையது. 2020 ஆகஸ்டில் அவர்கள் விடுதிகளின் கழிவுநீரைச் சோதித்தார்கள். கோவிட் கிருமியின் மரபணுத் துண்டுகள் மலத்தோடு வெளியேறும், அதுவும் அறிகுறி தோன்றும் முன்பே. லைகின்ஸ் என்ற விடுதியின் கழிவுநீரில் அவை தென்பட்டதும், அங்கே தங்கியிருந்தோரும் பணிசெய்தோருமாக 311 பேரைச் சோதித்தார்கள். இருவருக்குத் தொற்று, இருவருக்கும் அறிகுறி இல்லை. அவர்களைத் தனிமைப்படுத்தினார்கள், முடிந்தது. இதற்கு யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவோ, எங்கும் வரிசையில் நிற்கவோ வேண்டியதில்லை. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. ஒவ்வொரு விடுதிக் கழிவும் பிரதான குழாயில் சேர்வதற்கு முன்னால் எடுக்கத் தோதான இடம் எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். நம் வளாகங்களில் பாதாளச் சாக்கடை வரைபடம் யாரிடம் இருக்கிறது என்பதே பல இடங்களில் பெரிய கேள்வி.

நம் பக்கம் வருவோம். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் எழுநூற்றுச் சொச்சம் மாணவர்கள் இருந்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் திரும்பிய ஆராய்ச்சி மாணவர்களே பெரும்பாலும். மாதத் தொடக்கத்தில் ஒன்றிரண்டாகத் தொடங்கிய கோவிட், மாத நடுவில் நூறைத் தாண்டி, அடுத்த ஓரிரு நாளில் நூற்று எண்பதையும் தாண்டியது. மெஸ் ஊழியர்கள் சிலருக்கும் தொற்று. அப்போது அங்கே இயங்கியது ஒரே மெஸ். விடுதிகள் தனித்தனியாக இருந்தன, அறையும் ஆளுக்கொன்று. ஆனால் எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றி உட்காரும் இடம் ஒன்றுதான். பாதிக்கப்பட்டவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மற்றவர்களை அறையிலேயே இருக்கச் சொல்லி, சாப்பாட்டைப் பொட்டலமாக அனுப்பினார்கள். 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் மறுபடியும் தொற்று தலைதூக்கி ஒரு வாரத்துக்குள் நூறைத் தாண்டியது. அந்த முறை அறிகுறிகள் லேசாகவே இருந்தன.

ஆட்கள் குறைவு, எதற்கு மூன்று மெஸ் என்று சிக்கனமாக ஒன்றைத் திறப்பது எந்த நிர்வாகியும் எடுக்கக்கூடிய முடிவுதான். தொற்றியலின் கண்ணில் அது எல்லா விடுதிகளையும் ஒரே வீடாக்கிவிடும் முடிவு. இருநூற்றுச் சொச்சம் பேர் வீதம் மூன்று இடத்தில் சாப்பிட்டால், ஓரிடத்தில் வந்தது பெரும்பாலும் அங்கேயே நிற்கும். யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று தேடுவதும் மூன்றில் ஒரு பங்காகும். மெஸ் பிரிப்பதற்குத் தொற்று வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

நம் விடுதிகளுக்கு வரும் வழக்கமான விருந்தாளிகள் கோவிட்டும் மூளையுறை அழற்சியும் அல்ல. சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, மஞ்சள் காமாலை, டெங்கு. இவற்றில் முதலிரண்டையும் நாம் கையாளும் விதம் எனக்குக் கவலை தருகிறது. ஒரு பையனுக்கு அம்மை போட்டால் வார்டன் செய்யும் முதல் வேலை அப்பாவுக்குப் போன் போடுவது. மாலை பேருந்தில் பையன் ஊருக்குக் கிளம்பிவிடுவான். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அவன் அறைத் தோழர்களுக்குக் கொடுத்து முடித்திருப்பான். அவர்களுக்கு அது வெளியே தெரியப் பத்து முதல் இருபத்தொரு நாள் ஆகும். போகிற பேருந்தில், பக்கத்து இருக்கையில் கர்ப்பிணி ஒருவர் இருக்கலாம். அடுத்த இரண்டு மூன்று பேருக்கு வந்ததும் விடுதியையே மூடுவார்கள். கிருமி உடலுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் இன்னும் எத்தனையோ பேர் அப்போது இருபது மாவட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பல்கலைக்கழகங்களுக்குச் சொன்னது வேறு: காய்ச்சல் மாத்திரை இல்லாமலே விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை நோயாளி அறையிலேயே இருக்கட்டும், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கவும், மோசமாகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் ஒரு தோழரை முன்கூட்டியே நியமியுங்கள். செலவே இல்லாத ஏற்பாடு.

பொன்னுக்கு வீங்கிக்கு இன்னொரு கோணம் உண்டு. இந்திய அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களுக்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. சிறு வயதில் அந்த நோய் வந்து போகாதவர்கள் அதை முதன்முறை சந்திக்கும் இடமாகக் கல்லூரி விடுதி அமையலாம். தடுப்பூசி போட்டிருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2015-16இல் அயோவா பல்கலைக்கழகத்தில் 259 மாணவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அங்கே 98 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்டவர்கள். இரண்டாம் தவணை போட்டுப் பதின்மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதலாக இருந்தது. மூன்றாம் தவணை போட்டதும், போட்டுக்கொண்டவர்களிடையே ஆயிரத்துக்கு 6.7 பேருக்குத்தான் வந்தது; போடாதவர்களிடையே 14.5. யாருக்கு எந்த ஆண்டு எந்த ஊசி என்ற பதிவேடு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்ததால்தான் இப்படிக் கணக்கிட முடிந்தது. நம் கல்லூரிகளில் சேரும்போது மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாம் நகலோடு கேட்பார்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்கும் கல்லூரிகள் மிகச் சில.

காலி அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொன்னுக்கு வீங்கிக்கு ஐந்து நாள், சின்னம்மைக்குக் கொப்புளங்கள் பொருக்குத் தட்டும் வரை, ஒருவரைத் தனியாக வைக்க வேண்டும். தனிக் கழிப்பறையோடு சில அறைகளை ஆண்டு முழுக்கக் காலியாக வைத்திருந்தால் இது எளிது. ஆனால் அட்மிஷன் அழுத்தத்தில் முதலில் காணாமல் போவது அந்த அறைகள்தாம். கட்டிலுக்குக் கட்டில் கணக்குப் பார்க்கும் நிர்வாகத்திடம் காலியாக இருக்கும் படுக்கையை நியாயப்படுத்துவது கஷ்டம். தீயணைப்புக் கருவியை யாரும் இப்படிக் கேள்வி கேட்பதில்லை என்று மட்டும் நினைவூட்டலாம்.

இவை எல்லாவற்றையும் விட அவசரமாகத் திருத்த வேண்டியது வருகைப்பதிவு. பல பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் சலுகை உண்டு என்பார்கள். அதற்கு அலைகிற அலைச்சலில் காய்ச்சலே தேவலாம் என்று மாணவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவார். கை கழுவும் சுவரொட்டியும் வாசலில் சானிட்டைசர் பாட்டிலும் வைத்துவிட்டு, உள்ளே காய்ச்சலை மறைக்கச் சொல்லும் விதியை வைத்திருக்கிறோம். காய்ச்சல் என்று தானே வந்து சொல்பவருக்கு மூன்று நாள் வருகையைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடலாம். சிலர் பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள். எடுக்கட்டும், அதனால் எந்த விடுதியையும் மூட வேண்டி வராது.

பிள்ளையை இந்த ஆண்டு விடுதியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், மஞ்சளாகிப்போன தடுப்பூசி அட்டையைத் தேடியெடுத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி வேலை செய்யச் சில வாரங்கள் தேவை. வார்டனைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி: நோய் வந்த பிள்ளையை எந்த அறையில் வைப்பீர்கள்? இரவு இரண்டு மணிக்குக் கடும் காய்ச்சலும் தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? இரண்டாவதற்குப் பதிலாக ஒரு தொலைபேசி எண் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் எண்ணையும் 108ஐயும் பிள்ளையின் கைபேசியில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.